இரவின் இருளும் பயிரின் பூப்பும்

வீதியோர வயலொன்றில் நெற்கதிர் முற்றி மஞ்சளித்து நிற்கும் வேளையில், அதன் ஒரு மூலை மட்டும் பச்சைப் பசேலென நிற்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அம்மூலையிலுள்ள பயிர் உயர்ந்து இலை தழைத்துக் கதிர் ஈனாதிருக்கும். அன்றேல் ஏனைய பயிருக்குச் சில நாட்களோ சில வாரங்களோ பிந்திக் கதிர் ஈனும். பசளை அங்கே கூடுதலாக வீழ்ந்துவிட்டதெனச் சிலர் கூறுவர். விதைநெல் கலந்துவிட்டதெனக் கடைக்காரரை நோவார் சிலர். இவை இரண்டும் நிகழக்கூடியனவே. ஆயினும், பச்சையாக நிற்கும் பகுதி ஒரு மின்கம்பத்தை நடுவாகக் கொண்ட வட்டத்தின் துண்டுபோலத் தோன்றுமாயின், நிலத்தைக் கிளறிப் பார்ப்பதை விடுத்துத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தல் வேண்டும். அங்கு இரவு முழுவதும் எரியும் விளக்கே அத்தாமதத்திற்குக் காரணமாக இருத்தல் கூடும்.

பயிர் வளர்வதற்கு ஒளி வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. சில பயிர்கள் பூப்பதற்கு இருளும் வேண்டுமென்பதும், அவ்விருள் இடையறாது நீண்டிருத்தல் வேண்டுமென்பதும் அவ்வளவாக அறியப்படாத செய்தியாகும். விஞ்ஞானிகளுக்கே இது தெளிவானது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான்.

பிரான்சு தேசத்து யூலியன் தூர்நுவா என்பவர் 1911 ஆம் ஆண்டு முதல் 1914 ஆம் ஆண்டு வரை ஒப்புக்கொடியையும் சணற்கஞ்சாவையும் பற்றிய தம் பரிசோதனைகளை வெளியிட்டார். பருவத்துக்கு முந்தி விதைக்கப்பட்ட செடிகள் மிகச் சிறியனவாக இருக்கும்போதே பூத்ததையும், அப்பூக்களில் ஆண் பெண் உறுப்புகள் முறைமாறித் தோன்றியதையும் அவர் கண்டார். பகல் குறுகியதைக் காட்டிலும் இரவு நீண்டதே பூப்பைத் தூண்டியிருத்தல் வேண்டுமென்பது அவர் கருத்து. முதலாம் உலகப் போரில் அவர் உயிர் துறந்தமையால் அவ்வாராய்ச்சி தொடரப்படவில்லை.

பின்னர் இவ்வுண்மையை நிலைநாட்டியது யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு நெருங்கிய பழக்கமுள்ள ஒரு பயிராகும். ஐக்கிய அமெரிக்காவின் கமத்தொழிற் பகுதியில் வேலைபார்த்த காணர், அலாட் என்னும் இருவர் மேரிலாந்து மமத் எனப்படும் புகையிலை இனத்தை ஆராய்ந்தனர். அவ்வினம் கோடைகாலத்தில் ஆளுயரத்தையும் கடந்து இலையாகவே வளர்ந்து, பூக்காமல் நின்றது. மாரிகாலத்தில் கண்ணாடி வீட்டில் வைக்கப்பட்டபோது சிறு செடியாக இருந்தே பூத்தது. பசளை, நீர், வெப்பம் யாவற்றையும் மாற்றிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. 1918 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சில செடிகளைச் சாடியுடன் மாலை 4 மணிக்கு ஓர் இருட்டுக் கொட்டிலினுள் வைத்து, மறுநாட் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தனர். இவ்வாறு நாடோறும் செய்யப்பட்ட செடிகள் பூத்தன. வெளியில் விடப்பட்டவை பூக்கவில்லை. 1920 ஆம் ஆண்டில் அவர்கள் இதனை வெளியிட்டனர்.

எனினும் பயிர் அளப்பது பகலையா, இரவையா என்னும் வினா எஞ்சியிருந்தது. 1938 ஆம் ஆண்டில் அமனர், பொனர் என்போர் மருளூமத்தை என்னும் களையைக் கொண்டு இதற்கு விடை கண்டனர். பகலின் நடுவே அச்செடியைச் சிறிது நேரம் இருளில் வைத்ததனால் யாதும் நிகழவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிட நேரம் விளக்கு ஏற்றியபோதோ, அது பூவாது நின்றுவிட்டது. எட்டு ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட இருள் கிடைத்திருந்தும், இடையில் அறுந்தமையால் அதனை ஓர் இரவாகச் செடி கொள்ளவில்லை.

இலையினுள் ஒளியை உணரும் ஒருவகை நிறப்பொருள் இருப்பதே இதற்குக் காரணமாகும். செந்நிற ஒளி படும்போது அது ஒரு வடிவத்தையும், இருளில் மெல்ல மெல்ல மற்றொரு வடிவத்தையும் அடைகின்றது. இரவு போதிய அளவு நீண்டிருப்பின், பூக்கும்படி கட்டளையிடும் பொருள் இலையில் உண்டாகிக் குருத்துக்குச் செல்லும். நெல்லில் அப்பொருள் ஒரு சிறு புரதமென்பதை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2007 ஆம் ஆண்டில் காட்டினர். நடு இரவில் ஒளி பட்டால் அப்புரதம் உண்டாவது குன்றும். குருத்து தொடர்ந்து இலையையே தோற்றுவிக்கும்.

நெல் இயல்பாகவே நீண்ட இரவை விரும்பும் பயிராகும். எனினும் எல்லா நெல்லினங்களும் இவ்வகையில் ஒரே தன்மையின அல்ல. கமக்காரர் முக்கியமாக அறியவேண்டியது இதுவே. இலங்கை புவிநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளதாகையால், இங்கு பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதும் வேறுபடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் யூன் மாத இறுதியில் பகல் ஏறத்தாழ 12 மணி 41 நிமிடமும், திசெம்பர் மாத இறுதியில் ஏறத்தாழ 11 மணி 33 நிமிடமும் ஆகும். கொழும்பில் இவ்வேறுபாடு முக்கால் மணியளவேயாம். இத்துணைச் சிறிய வேறுபாட்டையும் மாவீ போன்ற பழைய நீண்டகால நெல்லினங்கள் தவறாது உணர்கின்றன. அவற்றைக் காலபோகத்தில் சற்று முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும், அவை கதிர் ஈனும் காலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முன்னோர் இவ்வினங்களை நாட்கணக்கால் அன்றிப் போகத்தால் அறிந்து வைத்திருந்தமை இதனாலேயே. அறியாதார் ஒருவர் இந்நெல்லைச் சிறுபோகத்தில் விதைப்பாராயின், இரவு நீளும் வரை அது கதிர் ஈனாது. வைக்கோல் மிகுதியாகக் கிடைக்குமேயன்றி நெல் உரிய காலத்தில் கிடைக்காது.

நாட்டு நெல் யாவும் இத்தகையன என எண்ணுதலும் தவறாகும். பச்சைப்பெருமாள் போன்ற குறுகிய வயதுடைய இனங்கள் இரவின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 1952 ஆம் ஆண்டில் பத்தலகொடவில் நெல்லாராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. முருங்கைக்காயன் 302 என்னும் நாட்டு நெல்லையும் இந்தோனீசிய நெல்லாகிய மாஸையும் கலந்து பெறப்பட்ட எச்-4 என்னும் இனம் 1950 களின் பிற்பகுதியில் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. 1970 முதல் வெளிவந்த பீ.ஜீ. வரிசை இனங்கள் இரு போகத்துக்கும் ஏற்றவையாக, பகலிரவின் நீளத்தால் பெரிதும் மாறாத வயதுடையவையாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. பீ.ஜீ. 300 மூன்று மாதமும், பீ.ஜீ. 352, ஏ.ரீ. 362 என்பன மூன்றரை மாதமும் என்று வயதை இலக்கத்திலேயே குறிக்கக்கூடியதாக இருப்பதும் இத்தன்மையினாற்றான். ஆகவே சிபாரிசு செய்யப்பட்ட புதிய இனங்களை விதைத்தவர் வீதிவிளக்கைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. அவர் வயலில் ஒரு மூலை பச்சையாக நிற்குமாயின், யூரியாவையும் நீர் தேங்கலையும் கலப்பு விதையையுமே முதலில் ஐயுற வேண்டும்.

பழைய நீண்டகால நெல்லினங்களை விதைப்போர் நிலை வேறு. நாட்டரிசிக்கு இக்காலத்தில் நல்ல விலை கிடைப்பதனால் பலர் அவற்றை மீண்டும் விதைக்கின்றனர். அந்நெல் முன்னர் செழித்த காலத்தில் வயலோரத்தில் மின்விளக்கு இருந்ததில்லை. இன்று வீதியும் கடையும் ஆலையும் வயலை நெருங்கி வந்துவிட்டன. இதனால் விளையும் நட்டம் நெல் பிந்தி விளைவதோடு முடிவதில்லை. வயல் முழுவதும் அறுவடையான பின் தனித்து நிற்கும் பச்சை மூலையை நெல்முட்டிப் பூச்சியும் குருவியும் வந்து சூழும். அறுவடை இயந்திரத்தைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால், முற்றிய நெல்லோடு பச்சை நெல்லும் கலக்கும். ஈரம் ஒவ்வாத அந்நெல் குற்றும்போது நொறுங்கிக் குருணையாகும். விதைநெல்லுக்காகப் பயிரிடுவோருக்கு இது இன்னும் பெருங்கேடாகும்.

வெளிநாட்டு அனுபவமும் இதுவே. யப்பானில் வீதிவிளக்கின் கீழ் நெல்லும் சோயா அவரையும் பிந்தி விளைதல் நெடுங்காலமாக அறியப்பட்ட முறைப்பாடாகும். வீதியில் நடப்போருக்கு வெளிச்சமும் வேண்டும், வயலில் நெல்லும் விளையவேண்டும் என்பதற்காக, கதிர் வெளிவருதலைத் தாமதிக்காத நிறமும் முறையும் கொண்ட விளக்குகளை அந்நாட்டார் அமைத்துப் பரீட்சித்துள்ளனர்.

முழுநிலவின் ஒளியால் இத்தகைய கேடு உண்டாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். முழுநிலவின் ஒளி ஏறத்தாழக் கால் லக்ஸ் அளவினது. வீதிவிளக்கின் நேர்கீழே அதனைப் போல் பல மடங்கு ஒளி விழுகின்றது. நிலவையே கண்டு வளர்ந்த நெல் நிலவால் ஏமாறுவதில்லை. வீதியில் ஓடும் வாகனத்தின் கணநேர வெளிச்சத்தையும் பொருட்படுத்தவேண்டியதில்லை. இராமுழுதும் அசையாது நிற்கும் விளக்கே கவனிக்கப்படவேண்டியது.

தம் வயலில் ஒளி எத்துணை விழுகின்றதென அறியக் கருவி யாதும் வேண்டியதில்லை. நிலவில்லாத இரவில் வரம்பின்மேல் நடந்து சென்று, பயிரின் இலைநுனி மட்டத்தில் இத்துண்டுப்பிரசுரத்தைப் பிடித்துப் பார்க்கலாம். எழுத்தைச் சிரமமின்றி வாசிக்க முடியுமாயின், அவ்விடத்து ஒளி நிலவொளியிலும் பன்மடங்கு மிகுந்ததென அறியலாம். அவ்விடத்தில் மாவீ போன்ற நெல்லை விதைப்பது உசிதமன்று. எழுத்து தெரியாத இடத்தில் ஒரு கோலை நட்டு அடையாளம் செய்து கொள்க. விளக்கிலிருந்து உள்ள தூரம் இருமடங்காகும்போது ஒளி நான்கில் ஒன்றாகக் குறைவதனால், கேடுறும் பரப்பு பெரும்பாலும் நினைத்த அளவு பெரிதாக இராது. அக்கோலுக்கு இப்பாலுள்ள சிறு பகுதியில் மட்டும் மூன்றரை மாதத்துப் புதிய இனமொன்றை விதைத்து, அதனைத் தனியே அறுவடை செய்தல் செலவில்லாத வழியாகும். விதைநெல் எடுப்போர் இவ்வாறு இரண்டினத்தை அடுத்தடுத்து விதைத்தலாகாது. அப்பகுதியை வேறு பயிருக்கு விட்டுவிடுவதே தக்கது.

விளக்கையே திருத்த இயலுமாயின் அது இன்னும் நன்று. வீதிவிளக்குகள் பிரதேச சபையின் பொறுப்பிலுள்ளவை. விளக்கை அகற்றும்படி கேட்பதிலும், வயற்பக்கத்து ஒளியை மறைக்கத் தகட்டு மறைப்பொன்றை இடும்படியோ, முகத்தை வீதிப்பக்கம் தாழ்த்தித் திருப்பும்படியோ கமக்காரர் அமைப்பின் மூலம் கேட்பது பயன் தரும். வழிப்போக்கருக்கும் அதனால் குறைவில்லை. ஆனால் இது காலத்தோடு செய்யப்படல் வேண்டும். கதிர் வெளியே தோன்றுவதற்கு ஏறத்தாழ 30 நாட்களுக்கு முன்னரே குருத்தினுள் அது உருவாகிவிடுகின்றது. விளக்கினால் நேரும் கேடு பெரும்பாலும் அதற்கும் முந்திய வாரங்களில் நிகழ்வதாகும். அயலிலுள்ள பயிர் குடலைப் பருவத்தை அடைந்துவிட்டது, இம்மூலை மட்டும் பிந்திவிட்டது என்று கண்டபின் விளக்கை மறைத்தால், இழந்த நாட்களைத் திரும்பப் பெற இயலாது.

கமக்காரர் தாமே தொங்கவிடும் விளக்குகளையும் மறத்தலாகாது. காட்டுப்பன்றிக்கு அஞ்சிக் காவற்கொட்டிலில் இரவு முழுவதும் மின்குமிழ் எரியவிடுவோர் உளர். சிலர் பயிருக்குக் கேடு வராதிருக்குமென எண்ணி அதன்மேல் சிவப்புத் தாளைச் சுற்றுவதுண்டு. இது நேர்மாறான செய்கையாகும். இரவை அறுக்கும் வன்மை மிகுந்தது செந்நிற ஒளியே. காவலுக்குக் கைவிளக்கை வேண்டியபோது மட்டும் பாவிப்பதே மேலானது. மேலும், வயலருகே எரியும் விளக்கு கபிலநிறத் தத்தியையும் தண்டுதுளைப்பானின் அந்துப்பூச்சியையும் தன்பால் இழுக்கும். பூச்சியின் வரவை அறிவதற்கு வைக்கப்படும் ஒளிப்பொறி பயனுள்ளதேயாயினும், அதனை முன்னிரவில் சில மணி நேரம் மட்டும் எரித்து, நீண்டகால நெல்லினின்றும் விலக்கி வைத்தல் வேண்டும்.

மரக்கறிப் பயிர்களுள் சிறகவரையும் பழைய மொச்சையினங்களும் நெல்லைப் போலவே நீண்ட இரவை வேண்டுவன. வீட்டு முற்றத்து விளக்கின் கீழ் பந்தலேறிய சிறகவரை, கொடியாகவே படர்ந்து காய் பிந்தும். வெங்காயம் இதற்கு எதிரானது. குமிழ் கட்டுவதற்கு அதற்குப் பகல் நீளல் வேண்டும். குளிர்நாட்டு இனங்கள் 14 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பகலை வேண்டுவனவாதலால், அழகிய பொதியைக் கண்டு அவ்விதையை வாங்குவோர் இங்கு தாளை மட்டுமே அறுப்பர்.

கூடாரத்தினுள் செவ்வந்தி வளர்ப்போர் இருளையும் ஒளியையும் தாமே ஆள்கின்றனர். இலங்கையில் இரவு எக்காலத்தும் செவ்வந்திக்குப் போதிய நீளமுடையதாகையால், அது தண்டு நீளுமுன் பூத்துவிடும். ஆகவே முதற் சில வாரங்களில் நடு இரவில் சில மணி நேரம் விளக்கேற்றி அதனை வளரவிட்டு, தண்டு வேண்டிய உயரத்தை அடைந்ததும் விளக்கை நிறுத்திப் பூக்கவிடுவர். ஒரே கூடாரத்தில் வளரும் பாத்தியும் பூக்கும் பாத்தியும் அடுத்தடுத்து இருப்பின் இடர் தோன்றும். வளரும் பாத்திக்கு ஏற்றிய ஒளி மறுபாத்தியிற் கசிந்து விழுந்தால், அங்கே அரும்பு கட்டத் தொடங்கிய செடி தயங்கி நின்று, அரும்பைச் சுற்றி இலைபோன்ற செதில்களைப் பரப்பி, விலைபோகாத பூவைத் தரும். இரண்டுக்கும் இடையே கறுத்தத் துணி அல்லது கறுத்தப் பொலித்தீன் திரையை நிலம்வரை தொங்கவிடல் வேண்டும். திரையைப் பரிசோதிப்பதற்கு இரவில் விளக்கு எரியும்போது இருண்ட பக்கத்தில் போய்ப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கண் இருளுக்குப் பழகிய பின்னரே ஊசித்துளையும் தையல் இடைவெளியும் புலப்படும். சென்றவுடன் பார்த்துத் திருப்தியடைவோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர். கீழ்விளிம்பே முதலிற் கிழிவதாதலால், அதனை மணலிட்டு அமர்த்துவது நன்று.

இனி, தூர்நுவா கண்ட மற்றைய செய்திக்கு வருவோம். கஞ்சாச் செடியில் ஆண் வேறு பெண் வேறாக இருப்பது வழக்கம். பருவம் மாறி, இரவு நீண்ட காலத்தில் வளர்க்கப்பட்டபோது ஒரே செடியில் இருவகைப் பூவும் தோன்றின. 1920 களில் அமெரிக்காவில் சாவ்னர் என்பவரும் கண்ணாடி வீட்டில் இதையே கண்டார். அனுமதியின்றி அச்செடியைப் பயிரிடுதல் இந்நாட்டில் குற்றமாகும். பூவின் பால் பிறப்பிலேயே மாற்றமின்றி அமைந்துவிடுவதில்லை, சூழலும் அதனை அசைக்கும் என்பதை முதலில் காட்டியது அதுவாகையாலேயே இங்கு கூறப்பட்டது.

இவ்வுண்மை பாகல், புடோல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி ஆகியவற்றைச் செய்வோருக்கு நாளாந்த வருமானத்தைத் தொடும் விடயமாகும். இவற்றில் ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே உண்டாகின்றன. மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. அடியிற் சிறு பிஞ்சோடு கூடியது பெண்பூ. கொடியின் முதற் கணுக்களில் ஆண்பூ மட்டுமே தோன்றுவது இயல்பு. இதனைக் கண்டு “மலட்டுக்கொடி” எனப் பிடுங்கி எறிவோர் அவசரப்பட்டு நட்டமடைகின்றனர். கொடி நீளநீளப் பெண்பூக்கள் தோன்றும்.

அவ்வாறு தோன்றவேண்டிய காலம் கடந்தும் ஆண்பூவே மலிந்திருப்பின் காரணத்தை ஆராய வேண்டும். நிச்சும் அவருடன் ஆராய்ந்தோரும் கலிபோர்ணியாவிற் செய்து 1952 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகளில், வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூக்களை நீடிக்கச் செய்தன. குளிர்ந்த இரவும் குறுகிய பகலும் பெண்பூக்களை விரைவுபடுத்தின. இலங்கையில் பகலின் நீளம் சிறிதே மாறுவதால், வெப்பமே கூடிய பங்கு கொள்கின்றது. கடும் வெயில் மாதங்களில் பெண்பூக்கள் குறைவதை உலர்வலயக் கமக்காரர் தாமாகவே அறிவர். கமக்காரர் கையிலுள்ள காரணம் தழைச்சத்தாகும். இலை கருமையாக இருக்கவேண்டுமென யூரியாவை மேலும் மேலும் இட்டால், கொடி இலையிலும் ஆண்பூவிலும் தன் வலிமையைச் செலவிடும். வீதிவிளக்கை நோகுமுன் உரப்பையை எண்ணிப் பார்க்க வேண்டும். எனினும் பந்தலின் நேர்மேலே இரவெல்லாம் எரியும் விளக்கு இருப்பின், அதனை அணைத்து வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

பெண்பூவை மிகுவிக்க எத்திறெல் என்னும் மருந்து தெளிக்கப்படுவதுண்டு. இது எதிலீன் என்னும் வாயுவை இலையினுள் வெளிவிடுவது. கொடி இரண்டு முதல் நான்கு இலையுடன் இருக்கும் பருவத்திலேயே தெளிக்கவேண்டியது. ஆண்பூ மலிந்துவிட்டதென்று கண்டபின் பந்தலேறிய கொடிக்குத் தெளிப்பது பணத்தையும் பயிரையும் வீணாக்கும். அளவு கூடினால் கொடி குன்றிவிடுமாதலின், விவசாயப் போதனாசிரியரிடம் பயிரையும் இனத்தையும் சொல்லி அளவைக் கேட்டறிந்த பின்னரே போத்தலைத் திறக்க வேண்டும். பெண்பூ மிகுந்து ஆண்பூ அருகிவிட்டாலும் பிஞ்சு நில்லாது. அந்நிலையில் தெளிக்காத சில கொடிகளைப் பந்தலின் ஓரங்களில் மகரந்தத்துக்காக விட்டுவைத்தல் வேண்டும்.